மணல்குழியில் நின்ற பிளசர்

சென்ற வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒரு படம் வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு மைதானம். கூரையை வெட்டி, உடம்பைத் தாழ்த்தி, கண்ணைப் பறிக்கும் நிறம் அடித்த பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன. படம் அனுப்பியவள், "இந்தக் கூத்தெல்லாம் நம்ம ஊருக்கு இப்பத்தான் வருது, பாத்தியளா" என்று கீழே எழுதியிருந்தாள். எல்லாரும் சிரித்தீர்கள். நான் அன்று பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இப்பத்தான் வருகிறது என்பது சரியில்லை. நாமெல்லாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோதே வந்துவிட்டது. எந்தத் தேதி என்று சொல்ல முடியாதது எனக்கு வருத்தம்தான். எதையும் நாள் பார்த்துக் குறித்து வைக்கிறவள் நான் என்று கேலி செய்வீர்களே, அந்த வழக்கம் எனக்குப் பின்னால் வந்தது. நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன், ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஆண்டில் சந்தேகமில்லை. அவசரநிலை விலக்கப்பட்டதற்கு அடுத்து வந்த தை. பொங்கல் கரும்புச் சக்கை தெருவில் காய்ந்து கிடந்தது. தைப்பூசம் இன்னும் வரவில்லை. ஆற்றில் அணைத் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. இந்த மூன்றையும் வைத்து நானாக ஒரு வாரத்தைக் கணக்கிட்டு வைத்திருக்கிறேன். அந்த வாரம் வந்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் குறையும்.

நாங்கள் அப்போது விக்கிரமசிங்கபுரத்தில் இருந்தோம். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அம்மா பீடி சுற்றினாள். வீட்டுக்கு ஆண் துணை என்றால் அம்மாவின் தம்பி, என் மாமா மட்டும்தான்.

அப்பா இறந்தது காமாலையால் என்று ஊருக்குத் தெரியும். அம்மாவுக்கு வேறு கணக்கு இருந்தது. இறப்பதற்குச் சற்று முன்னால் அப்பா ஒரு புதுச் சைக்கிள் வாங்கியிருந்தார். பச்சை நிறம், கைப்பிடியில் குஞ்சம். மில் வாசலில் ஒருவர் அதைத் தடவிப் பார்த்து, "என்னா சைக்கிள்வே, ராசா மாதிரி வாரீரு" என்று சொன்னாராம். அந்த மாதமே அப்பாவின் கண் மஞ்சளாயிற்று. "அந்தக் கண்ணுதான் இந்தக் கண்ணுல விழுந்துச்சு" என்பாள் அம்மா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் நன்றாக இருக்கக்கூடாது. எனக்குப் புதுப் பாவாடை தைத்தால் ஓரத்தில் ஓர் இடத்தில் மை தடவுவாள். மாமா நல்ல சட்டை போட்டுப் புறப்பட்டால், கூப்பிட்டு நிறுத்தி, காரணமில்லாமல் ஒரு திட்டுத் திட்டி அனுப்புவாள். தட்டில் சோறு குவிந்திருந்தால் கதவைச் சாத்துவாள். நான் பயத்தைச் சோற்றோடு சேர்த்துத் தின்று வளர்ந்தேன்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் மாமா ஒரு பிளசர் கட்டினார். கார் என்ற சொல் அன்று எங்கள் பக்கம் புத்தகத்தில்தான் இருந்தது. வாயில் பிளசர்தான்.

மாமாவின் பட்டறை அம்பாசமுத்திரம் சாலையில் கீற்று வேய்ந்த ஒரு கொட்டகை. பம்புசெட், டிராக்டர், ஸ்கூட்டர் எது வந்தாலும் பார்ப்பார். அந்தப் பழைய இங்கிலீஷ் வண்டியை மலை மேல் ஓர் எஸ்டேட்டில் கோழி அடைக்க வைத்திருந்தார்களாம். லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார். சீட்டுக்கு அடியிலிருந்து கோழி இறகு பல நாள் வந்துகொண்டே இருந்தது.

புரட்டாசியில் கூரையை அறுத்தார். ரம்பம் தகரத்தை அறுக்கிற சத்தம் பல்லுக்குள் கேட்கும். ஐப்பசி மழையில் முன்சக்கரங்களின் மேலிருந்த மட்கார்டுகளைக் கழற்றி எறிந்தார். கார்த்திகையில் முன்விளக்குகள் போயின. அவை மார்கழி முடியும் வரை திரும்பி வரவில்லை. பள்ளி விட்டு வரும்போது கொட்டகையின் இருட்டுக்குள்ளிருந்து இரண்டு குழிகள் என்னைப் பார்க்கும். உள்ளே போகாமல் சாலையிலேயே நின்று கேட்பேன்.

"மாமா, அதுக்குக் கண்ணு எப்ப வைப்பிய?"

"ஏட்டி, சிற்பி சாமிக்குக் கண்ணக் கடைசியிலதான் தெறப்பான். பைய வைப்போம்."

கண் திறக்கும்போது சிலைக்கு எதிரே யாரும் நிற்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். அதனால் மாமா விளக்குகளைப் பொருத்திய அன்று நான் கொட்டகைப் பக்கமே போகவில்லை. போனபோது வண்டி சிவப்பாக, தரையோடு தரையாக, பாயப் போகும் மிருகம் போலப் பதுங்கியிருந்தது. அதற்குக் கண் வந்திருந்தது. அழகாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்து, பயந்து, மூடிக்கொண்டேன்.

திருநெல்வேலிப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து தை மாதம் ஒரு காட்சி நடத்துகிறார்கள் என்று செய்தி வந்தது. பழைய வண்டியைத் தன் கையாலேயே மாற்றிக் கட்டியவர்கள் யாரும் கொண்டுவந்து நிறுத்தலாம். மதுரை, தூத்துக்குடி, நாகர்கோவில், திருவனந்தபுரத்திலிருந்துகூட வருகிறார்களாம். வண்டிக்கு உடம்பு கட்டும் பெரிய பட்டறை வைத்திருக்கும் கோயம்புத்தூர் முதலாளி ஒருவர் வந்து பார்வையிடுவாராம். யாருடைய வேலை பிடிக்கிறதோ அவரைத் தன்னோடு அழைத்துக்கொள்வாராம். மாமா அந்தச் செய்தியை அன்றைக்கே இரண்டு முறை சொன்னார். அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அம்மா பீடி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஊரே கண்ணு வைக்கட்டும்னு ஒரு சாமானச் செஞ்சு, அதுல நீயும் ஏறி உக்காந்துக்கிடுத. போதாததுக்கு என் பிள்ளையையும் பக்கத்துல வச்சுக்கிடணுமா?"

"செகப்பு வண்டிக்கு மஞ்சப் பாவாடை எடுப்பா இருக்கும்கா. குடும்பத்தோட போற வண்டின்னு தெரியணும். சும்மா ரவுடிப்பய வண்டின்னு நெனச்சுரப்படாது."

"ஆயிரம் கண்ணு இருக்கும்லே அங்கன."

"ரெண்டாயிரம்கூட இருக்கும். கண்ணு படத்தானே செஞ்சிருக்கேன். யாரும் பாக்காம வைக்கதுக்கு அது என்ன, வெந்நிப் பானையா?"

"ஒரு எலுமிச்சம்பழம். முன்னால வேண்டாம், பின்னால."

"ஒண்ணும் தொங்கப்படாதுன்னுட்டாவக்கா. பழம், மொளகா, சங்கு, முடிக்கயிறு எதுவும் ஆகாது. வேலை மட்டும்தான் தெரியணுமாம். கண்டா கழிச்சிருவாவ."

"அன்னைக்கு அவுக சைக்கிள்ல மை வைக்கேன்னப்பமும் இப்படித்தான் சிரிச்சிய."

அப்பாவைப் பற்றிய பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் எந்த வழக்கும் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் எலுமிச்சம்பழத்துக்கு மாமா ஒப்பவில்லை.

இனி செருப்பைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்பாவின் படத்துக்குக் கீழே ஒரு பலகையில் அவருடைய செருப்பு ஜோடி இருந்தது. தோல் செருப்பு. கட்டைவிரலுக்கு வளையம், குறுக்கே ஒரு வார். உள்ளே ஐந்து விரலும் பதிந்து பள்ளமாகியிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அதைத் துணியால் துடைப்பது என் வேலை. அந்தப் பள்ளங்களில் என் விரலை வைத்து, இது அப்பாவின் சுண்டுவிரல், இது பக்கத்து விரல் என்று சொல்லிக்கொண்டே துடைப்பேன். அவர் முகம்கூட எனக்கு மங்கிக்கொண்டு வந்தது. கால்விரல்கள் மங்கவில்லை.

காட்சிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை துணியோடு போனேன். இடது செருப்பு மட்டும் இருந்தது.

நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா வந்திருக்கிறார், ஒன்றைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் என்றுதான் தோன்றியது. ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக அவர் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறார். வாசல் மண்ணில் அப்படி ஒற்றைக் கால் தடம் இருக்கிறதா என்று பார்த்தேன். பார்த்துவிட்டு, இருந்துவிடுமோ என்று பயந்து, பார்ப்பதை நிறுத்தினேன்.

"அம்மா, அப்பா செருப்பு ஒண்ணக் காணல."

"இருக்கும்."

"எங்கன?"

"எங்கனயோ இருக்கும். நீ அதத் தேடாத. மாமாகிட்ட மூச்சு விடாத, சொல்லிட்டேன்."

அம்மாவின் விரல் நுனிகள் கறுப்பாக இருந்தன. பீடித்தூள் பழுப்பு. அது இப்படிக் கறுக்காது. முறத்தின் ஓரத்தில் அடுப்புக்கரித் துண்டு ஒன்று கிடந்தது. எங்கள் வீட்டுப் பீடிக்கு ரோஜா நிற நூல்தான் வரும். அன்று நூல்கண்டு இளைத்திருந்தது. இவற்றையெல்லாம் பார்த்தேன், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்கு வயது போதவில்லை. லாரிகளின் பின்னால் பழைய செருப்பு ஒன்று தொங்குவதை இன்றும் பார்க்கிறீர்கள் அல்லவா? பார்க்கிறவர் கண் வண்டியின் அழகில் விழாமல் அந்த அழுக்குச் செருப்பில் போய் விழட்டும் என்று கட்டுவது. அது மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பலகையில் பூ வைத்துக் கும்பிடுகிற செருப்பை யாராவது அதற்கு எடுப்பார்கள் என்று எப்படித் தோன்றும்?

காட்சி நாளன்று விடிந்ததும் புறப்பட்டோம். அம்மா மாமாவுக்குத் திருநீறு பூசினாள். எனக்கும் பூசினாள். வண்டியின் முன்னால் நின்று, அதைத் தொடாமல், டேஷ்போர்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மாமா வண்டியை உருட்டுவது போலத்தான் ஓட்டினார். புதுப் பெயிண்ட், பள்ளத்தில் தட்டினால் போச்சு. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். வீரவநல்லூரில் பள்ளிப் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். சேரன்மகாதேவி தாண்டி வயல்களுக்கு அந்தப் பக்கம் ஆறு மினுங்கியது. அங்கேயும் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். எனக்கு ஒவ்வொரு பார்வையும் தோலில் ஈ உட்காருவது போல இருந்தது. மஞ்சள் பாவாடையின் ஓரத்தில் அம்மா வைத்த மைப்புள்ளியைக் கைக்குள் பிடித்துக்கொண்டே, திருநெல்வேலிக்குள் நுழையும் பேட்டை வரை வந்தேன்.

மைதானத்தில் சனம் நெரிந்தது. அவ்வளவு கூட்டத்தை நான் ஆனித் தேரோட்டத்தில்தான் பார்த்திருக்கிறேன். நடுவே வட்டமாகக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே சனம். ஒரு பக்கம் வேப்பமரத்தடியில் பெண்கள். பெட்ரோல் வாசனையும் புதுப் பெயிண்ட் வாசனையும் வறுகடலை வாசனையும் கலந்து அடித்தன. மதுரையிலிருந்து வந்த வண்டிக்கு முதலை வாய் போல நீண்ட பானட். தூத்துக்குடி வண்டியில் உடம்பு முழுக்க மீன் செதில் வரைந்திருந்தார்கள். நாகர்கோவில்காரர் பின்சீட்டுக்குப் பதில் படகின் பலகையைப் பொருத்தியிருந்தார். எல்லாம் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வாய் பிளந்து நின்றன. மைக்கில் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

பாளையங்கோட்டைப் பட்டறை அண்ணாச்சி ஒருவர் எங்கள் வண்டியைச் சுற்றி வந்தார். வாயில் வெற்றிலை.

"என்னவே இது, மண்புழு மாதிரி தரையோட கெடக்கு? வாய்க்கா மேடு வந்தா எறங்கித் தூக்கிட்டுப் போவீரோ?"

"நீங்க ஒரு பக்கம் பிடிக்க மாட்டியளா அண்ணாச்சி" என்றார் மாமா.

"பிடிப்பேன். விக்கிரமசிங்கபுரத்துக்காரன் பஞ்சு மாதிரி கனமில்லாமத்தான் செஞ்சிருப்பான்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

கோயம்புத்தூர் முதலாளி வெள்ளை வேட்டியில் வந்தார். அதிகம் பேசவில்லை. கதவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். பற்றவைத்த இடங்களில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். "கூரைய நீங்களே எடுத்தீங்களா தம்பி? நெளிவே தெரியலீங்களே" என்றார். மாமாவின் காது சிவந்தது. முதலாளி நகர்ந்ததும் என் தோளை அழுத்தினார். அந்த அழுத்தம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. மனிதர்கள் சந்தோஷத்தை அப்படித்தான் யாரிடமாவது இறக்கி வைக்கிறார்கள்.

பிற்பகலில் ஓட்டிக் காட்டுதல். ஒவ்வொரு வண்டியும் மெதுவாக ஒரு சுற்று வரவேண்டும். மேடைக்கு முன்னால் வந்ததும் ஒருமுறை வேகம் எடுத்துக் காட்டி நிறுத்தவேண்டும். எங்கள் முறை வந்தது. சுற்று வரும்போது வேப்பமரத்தடியில் அம்மாவைப் பார்த்தேன். மற்றப் பெண்கள் கை தட்டினார்கள். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"பயமா இருக்கா ஏட்டி?"

"இல்ல மாமா."

மேடை வந்தது. மாமா ஆக்சிலேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்தார். அன்று காலையிலிருந்து ஒருமுறைகூட அவர் அப்படி மிதித்திருக்கவில்லை. வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. என் முதுகு சீட்டில் ஒட்டியது.

மாமா காலை எடுத்தார். நான் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மேலே வந்துவிட்டது. பெடல் வரவில்லை. சத்தம் இறங்கவில்லை.

கூட்டத்துக்கு அது தெரியாது. இன்னும் வேகம் காட்டுகிறான் என்று ஆர்ப்பரித்தார்கள். மைக்கில் பேசியவர், "பலே, பலே" என்றார். மாமா இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து எழுந்து நிற்கிற மாதிரி ஆனார். வண்டி நடுங்கியது, நிற்கவில்லை. எதிரே கயிறு. கயிற்றுக்கு அப்பால் வேப்பமரம். மரத்தடியில் பெண்கள்.

அவர்கள் சிதறி ஓடுவதைப் பார்த்தேன். குழந்தைகளை இழுத்துக்கொண்டு, கடலைக் கூடையைத் தட்டிவிட்டு ஓடினார்கள். ஒருத்தி மட்டும் ஓடவில்லை. அம்மா அப்படியே நின்றாள். உதடுகள் அசைந்தன. எங்களைப் பார்க்கவில்லை, வண்டியின் உள்ளே, மாமாவின் முழங்காலுக்கு மேலே ஏதோ ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இறுக்கிப் பிடிச்சுக்க" என்றார் மாமா. ஒரு கையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டு எதையோ பிடித்து இழுத்தார், அது வரவில்லை. மறுகையால் ஸ்டீயரிங்கை ஒடித்தார். மரம் என் பக்கமாகச் சுழன்று போயிற்று. அம்மாவின் முந்தானை நிறம் தெரிந்தது, மறைந்தது. மைதானத்தின் மூலையில் பள்ளிப் பிள்ளைகள் நீளம் தாண்டுவதற்கு வெட்டிய மணல்குழி இருந்தது. வண்டி அதற்குள் மூக்கைக் குத்தி ஏறியது. மணல் எழும்பி எங்கள் மேல் மழையாக விழுந்தது. எஞ்சின் ஒருமுறை இருமி அணைந்தது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உதட்டில் மட்டும் ரத்தம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அன்று அது எங்களுக்கு முதலில் தெரியவில்லை, அதனால்தான் சொல்லவில்லை.

கூட்டம் ஓடிவருவதற்குள் மாமா குனிந்து பெடலுக்கு மேலே இருட்டுக்குள் கையை விட்டு வெட்டி இழுத்தார். ஏதோ அறுகிற சத்தம். கையோடு ஒரு செருப்பு வந்தது.

ஆக்சிலேட்டர் கம்பியில் கட்டியிருந்த செருப்பு. முழுதாக மிதித்தபோது கம்பியோடு இறங்கி, பெடலுக்கும் தகரத்துக்கும் நடுவே ஆப்பு மாதிரி செருகிக்கொண்டிருந்தது. பல புரி சேர்த்து முறுக்கிக் கரி பூசிய நூல் அதிலிருந்து தொங்கியது. அறுந்த இடத்தில் மட்டும் உள்ளே ரோஜா நிறம் தெரிந்தது.

மாமா அதைத் திருப்பிப் பார்த்தார். விரல் பள்ளங்களைப் பார்த்தார். "அத்தான்" என்றார், யாரையோ கூப்பிடுகிற மாதிரி. பிறகு வேப்பமரத்தைப் பார்த்தார். பிறகு என்னை. சட்டையைத் தூக்கி, செருப்பை வயிற்றோடு வேட்டிக்குள் செருகிச் சட்டையை இறக்கிவிட்டார்.

"நீ எதையும் பாக்கல. என்னட்டி?"

நான் தலையாட்டினேன்.

அம்மா வந்தாள். என் தலை, கை, முதுகு என்று தடவினாள். மாமாவின் கைகளைத் தடவினாள். "அடி பட்டுச்சாலே" என்று கேட்டுக்கொண்டே பெடல் பக்கம் குனியப் பார்த்தாள். மாமா நடுவில் வந்து நின்றார். "ஒண்ணும் இல்லக்கா. பிள்ளைக்குத் தண்ணி வாங்கிக் குடு, போ."

பட்டறை அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இப்போது அவர் முகத்தில் கேலி இல்லை, கோபம். "பொம்பளையளும் பிள்ளையளும் நிக்கிற எடத்துலயாலே விளையாடுத? ஆக்சிலேட்டருக்கு ஒரு ஸ்பிரிங் மாட்டத் தெரியாதவனுக்கு எதுக்குல வண்டி?"

"ஆமா அண்ணாச்சி. ஸ்பிரிங்கு என் தப்புதான்."

கோயம்புத்தூர் முதலாளி பின்னால் நின்றிருந்தார். அவர் குனிந்து உள்ளே கையை விட்டுப் பெடலை அமுக்கினார். விட்டார். அது துள்ளி மேலே வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தது.

"ஸ்பிரிங் நல்லாத்தானுங்களே இருக்குது" என்றார் மெதுவாக. "வேற ஏதாச்சும் சிக்குச்சுங்களா தம்பி?"

மாமாவின் கை சட்டைக்கு மேலே வயிற்றில் இருந்தது. அம்மா சொம்போடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அவர் ஒரு சொல் சொன்னால் போதும், அந்த மனிதர் நம்பியிருப்பார். எனக்கு இப்போது அது தெரிகிறது. அன்று தெரிந்ததெல்லாம், மாமா வாயைத் திறந்தால் ஏதோ பயங்கரம் நடக்கும் என்பதுதான். அவர் திறக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"ஒண்ணும் சிக்கலைங்க. எனக்குத்தான் சரியா அமையல."

முதலாளி கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் வீட்டில் அம்மா தானாகவே சொன்னாள். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வெளிய ஒண்ணும் தொங்கப்படாதுன்னியேன்னு, உனக்குத் தெரியாம உள்ளுக்க ஒண்ணு கட்டியிருந்தேன்லே. கீழ ஒரு கம்பி போகுதுல்லா, அங்கன. அதுல எது எதுன்னு எனக்கென்ன தெரியும், கைக்கு ஆப்பட்ட கம்பியில கட்டுனேன். அதுதான் காப்பாத்திச்சு. இல்லாட்டி நேத்து..."

மாமா துணிப்பையிலிருந்து செருப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "கீழ கெடந்துச்சுக்கா."

அம்மா அதைத் தொட்டாள். கட்டைவிரல் வளையம் பிய்ந்திருந்தது. குறுக்கு வார் பாதியாக அறுந்து தொங்கியது. செருப்பு வார் அறுந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கம் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. வந்த கெடுதல் அதன் மேல் இறங்கிவிட்டது.

"அறுந்துட்டு" என்றாள். "பாத்தியா, அறுந்துட்டு. உங்க ரெண்டு பேருக்கும் வந்தத அவுக வாங்கிக்கிட்டாவ."

அப்பாவின் சாவில் அவள் அழுததை நான் பார்த்ததில்லை. அன்று அழுதாள். செருப்பை மார்போடு வைத்துக்கொண்டு அழுதாள். மாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆமாக்கா" என்றார். "அத்தான்தான்."

அதற்குப் பிறகு அம்மாவின் பயம் போயிற்று. குறைந்தது என்று சொல்லவில்லை, போயே போயிற்று. பாவாடையில் மை வைப்பது நின்றது. மாமாவைத் திட்டி அனுப்புவது நின்றது. உயர்நிலைப் பள்ளிக்கு அம்பாசமுத்திரத்துக்குச் சைக்கிளில் போகிறேன் என்றேன். "போயேன், அப்பா இருக்காவல்லா" என்றாள். கல்லூரிக்கு, வேலைக்கு, தெரியாத ஊருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அதே சொல். உங்களில் பலர் வீட்டில் அந்த வயதில் எதற்கெல்லாம் தடை இருந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு இல்லை. நீங்கள் பொறாமைப்பட்டீர்கள்.

அந்தப் பயம் எங்கே போயிற்று என்பதை உங்களிடம் நான் சொன்னதில்லை. என்னிடம் வந்தது. எங்களைக் காப்பதற்காகக் கட்டியதுதான் எங்களைக் கொல்லப் பார்த்தது என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். அதில் ஒருத்திக்குப் பத்து வயது. அம்மா அன்போடு எதைச் செய்தாலும், தலைக்கு எண்ணெய் வைத்தாலும், மருந்து கலக்கினாலும், நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாமாவுக்கு ஒரு பெயர் கிடைத்தது. மணக்குழி. "ஏ, மணக்குழி மெக்கானிக் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் பட்டறைக்கு வருவார்கள். வேலை வரத்தும் குறைந்தது. அந்தப் பிளசரை அவர் மறுபடி ஓட்டவில்லை. சிவப்புப் பெயிண்ட் வெளிறி, கடைசியில் அது மறுபடி கோழிகளுக்கே போயிற்று. எந்த வண்டி வந்தாலும் மாமா முதலில் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பார். சின்னப் பையன்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அம்மா காலமான பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன். அவருக்கும் அப்போது தலை நரைத்திருந்தது.

"அந்த முதலாளிகிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா மாமா."

"சொல்லியிருந்தா உங்கம்மை காதுக்கு வந்துருக்கும்லா. அப்புறம் அவ அந்த நூலத் தொடுவாளா? அந்த நூலுதானட்டி நமக்குச் சோறு." பிறகு, "அது மட்டுமில்ல. அத்தானே வந்து காப்பாத்துனாருன்னு நெனச்சு அவ நல்லா ஒறங்குனா. பாத்தியா நீ?" என்றார்.

பார்த்தேன். அவள் நன்றாகத்தான் தூங்கினாள்.

என் கல்யாணத்தின்போது அம்மா என் பெட்டியின் அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு வைத்தாள். அறுந்த செருப்பைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். அது அவளோடு போயிற்று. எனக்குக் கொடுத்தது இடது செருப்பு. "என்னைக்காவது நீ வண்டி வாங்குனா கட்டு" என்றாள். வாங்கினேன். நான்கு முறை மாற்றியும் விட்டேன். வண்டி மாறும்போதெல்லாம் முடிச்சும் மாறியது. இப்போது ஓட்டும் காரிலும் அது இருக்கிறது. பின்னால், டிக்கியில், ஸ்டெப்னி டயரின் பள்ளத்துக்குள். எந்தக் கம்பிக்கும் எட்டாத இடத்தில்.